தங்கையன் பெயரில் ஒரு புள்ளி

மீன்காரி கூடையை இறக்கி வைக்கும்வரை லிங்கத்துக்குப் பொறுக்காது. மேலே மூடியிருக்கும் வாழையிலையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்துக்கொண்டே, "அங்க என்ன எடுத்தாவ?" என்பார். அங்கே என்றால் ஒரு வீடு தள்ளி, அவருடைய மச்சான் தங்கையனின் வீடு. நெய்மீன் என்று அவள் சொன்னால் இவருக்கும் நெய்மீன்தான். சாளை என்றால் முகம் தெளிந்துவிடும். அன்றைக்குக் கூடையில் சாளையைவிட மேலான மீன் எதுவோ அதை எடுப்பார். அங்கே ஒன்றும் வாங்கவில்லை என்று கேள்விப்படும் நாளில்தான் இக்கட்டு. வாங்கவும் தோன்றாது, விடவும் மனம் வராது. மனைவி தங்கபாய் உள்ளேயிருந்து வந்து, "அண்ணனுக்கு வயிறு செரியில்லியாம், அதாக்கும் எடுக்கேல்ல" என்று தகவல் சொன்ன பிறகே கை கூடைக்குள் போகும்.

நான் திருநெல்வேலிக்காரன். மலையாள எல்லைக்குள் இருக்கும் பாறசாலைத் தபால் நிலையத்தில் குமாஸ்தா. அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவிலிருக்கும் வீட்டில் ஒன்பது வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். ஆகவே லிங்கத்தின் பார்வை தங்கையன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

லிங்கத்துக்குக் குள்ளமான, முறுகிய உடம்பு. கழுத்து சற்றுப் பின்னால் சாய்ந்தே இருக்கும்; முப்பது வருடத்துக்கு மேல் கூரை பார்த்த கழுத்து அது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போடுவது அவர் தொழிலாக இருந்தது. நகரத்தில் கரமனை ஆற்றங்கரைப் பக்கத்துக் கொட்டகைகள், பழவங்காடியில் துணிக்கடைகளின் மொட்டைமாடிக் கிட்டங்கிகள், கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர்க் கட்டடங்கள் எழும்பியபோது வேலையாட்கள் படுத்துக் கிடந்த நீளமான ஷெட்டுகள் எல்லாம் அவர் மூடியவை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியே காட்டிக்கொண்டே வருவார். "அந்தா, அது நான்." நான் போட்டது என்று சொல்வதில்லை. அது நான்.

கைவாளால் ஷீட்டை அறுக்கும்போது வெள்ளைத் தூள் மாவு போலப் பறக்கும். இமையில் படியும், மீசையில் படியும். தோர்த்துத் துண்டால் முகத்தைத் துடைத்து, அதே தோர்த்தை முகத்துக்கு நேராக உதறி, தலையில் கட்டிக்கொள்வார். போல்ட்டுக்குப் போட்ட துளை பெரிதாகிவிட்டால் அந்தத் தூளையே சிமென்டில் குழைத்து விரலால் அடைப்பார். மத்தியானம் சோறு பிசைவதும் அந்த விரல்கள்தான். பீடி பற்றவைப்பதும் அவைதான். ஒரு நாளைக்குப் பத்து பீடி.

தங்கையன் அந்த ஷீட்டைச் செய்த கம்பெனியில் இருந்தார். 1974இல் ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். லிங்கம் தங்கபாயைக் கட்டி அப்போது மூன்று மாதம். கம்பெனி வைத்தியர் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி நெஞ்சைச் சுற்றி நாடாவைப் போட்டு அளந்தார். தங்கையனுக்கு அளவு சரியாக இருந்தது. லிங்கத்துக்கு அரை அங்குலம் குறைந்தது.

"அரை இஞ்சு, சாரே," என்று அதை என்னிடம் எத்தனை முறை விரலிடுக்கில் காட்டியிருப்பார் என்று சொல்ல முடியாது. "அண்ணைக்கு ரெண்டு இட்லி கூடத் தின்னிருந்தா அந்த அரை இஞ்சு வந்திருக்கும்."

தங்கையனுக்குக் காக்கிச் சட்டை, கேன்டீன் சாப்பாடு, யூனியன், ஞாயிற்றுக்கிழமை என்ற ஒரு நாள். லிங்கத்துக்கு ஏணி. தங்கையன் இருபத்தாறு வருடம் மிக்சிங் பிரிவில் நின்று ஓய்வு பெற்றபோது கம்பெனியில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அடுத்த வாரமே லிங்கம் பழவங்காடிக்குப் போய் அதைவிட ஒரு சாண் பெரிய கடிகாரம் வாங்கி வந்தார். அது மணிக்கு மணி அடிக்கும். தங்கையனுடையது அடிக்காது.

2006 ஜூனில் தங்கையனுக்கு ஒரு கடிதம் வந்தது. நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில், ஆஸ்பெஸ்டாஸ் தூளில் பல வருடம் வேலை பார்த்தவர்களுக்கு நுரையீரலை ஸ்கேன் செய்து பார்க்கும் திட்டம் ஒன்று தொடங்கியிருந்தார்கள். தங்கையனின் மகள் ஜெஸி வேறொரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள்தான் கடிதத்தை எல்லோருக்கும் படித்து விளக்கினாள். "சாதாரண சி.டி. ஸ்கேனைவிட இதுல கதிர் ரொம்பக் குறைவு அப்பா. ஊசி கிடையாது. படுத்து மூச்சைப் பிடிச்சாப் போதும். எக்ஸ்ரேயில தெரியாத சின்னப் புள்ளிகூட இதுல தெரியும். சின்னதா இருக்கும்போதே கண்டா எடுத்துக் களையலாம்லா?"

தங்கையன் கடிதத்தை மடித்தார். "நோக்கினா எதாவது காணும் மக்களே," என்று மட்டும் மகளிடம் சொன்னார். கூட வேலை பார்த்த மூன்று பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஆறு மாதத்துக்குள் அடக்கத்துக்கும் போய் வந்தவர் அவர்.

மறுநாள் காலை லிங்கம் என் கவுண்டரில் நின்றார்.

"சாரே, எனக்கு ஒரு எழுத்து வரணுமே."

"யார்கிட்டயிருந்து?"

"ஆசுத்திரியிலேருந்து. தங்கையனுக்கு வந்தாச்சு."

மூன்று நாள் தொடர்ந்து வந்தார். மூன்றாம் நாள் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். கம்பெனிப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அந்தக் கடிதம்.

"பின்னே நான் அறுத்தது யாருக்க ஷீட்டு?" என்றார். "அவனுவ அதை வெள்ளத்துல நனைச்சுக் குழைச்சாக்கும் செய்யுகானுவ. நான் உலந்த ஷீட்டை அறுத்தவன். சாரே சொல்லும், தூளு யாருக்குக் கூடுதலு?"

நான் அவருக்குப் பின்னால் நின்றவருக்கு ஸ்டாம்பு கிழித்துக் கொடுத்தேன்.

ஸ்கேனுக்குக் குறித்த நாளில் ஜெஸிக்குப் பகல் வேலை. அப்பாவுக்குத் துணையாக மாமா லிங்கத்தை அனுப்பினாள். இருவரும் கிழக்கேகோட்டையில் இறங்கிப் பழவங்காடி வரை நடந்தார்கள். கணபதி கோவில் முன்னால் தேங்காய்கள் உடைந்துகொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் தங்கையன் நின்றுவிட்டார். பயந்துபோய் லிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிளே, எனக்குப் பேடியாட்டு இருக்கு. காலு வரமாட்டேங்குது."

"இவ்வளவு தூரம் வந்தாச்சே, மச்சான்."

"நீரு போரும். எனக்குப் பதிலாட்டு நீரு போய்ப் படுத்துட்டு வாரும். நான் போனதாட்டு இருக்கட்டும். ஜெஸிட்ட சொல்லாதேயும்."

பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். லிங்கம் மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. பின்னால் என்னிடம் அதையும் மறைக்கவில்லை. "கை நீட்டினாரு, வாங்கினேன். எனக்கு வரவேண்டியது கறங்கித் திரிஞ்சு எனக்கே வந்தாச்சுன்னாக்கும் தோணிச்சு." தங்கையன் எதிரிலிருந்த டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பத்மஜா என்ற அம்மாள் கேள்விகள் கேட்டு எழுதினார். பெயர்? தங்கையன். எந்தப் பிரிவு? மிக்சிங். எத்தனை வருடம்? இருபத்தாறு. சாக்கு உடைக்கும் இடம், மாவு கலக்கும் தொட்டி, கேன்டீனில் செவ்வாய்க்கிழமைக் கறி என்று கேட்காததையும் லிங்கம் சொன்னார். முப்பது வருடமாக மச்சான் சொல்லிக் கேட்டு, மனத்துக்குள் அவர் வேலை பார்த்துவந்த கம்பெனி அல்லவா? பீடி உண்டா என்று கேட்டபோது மட்டும் உள்ளதைச் சொன்னார். பத்து.

ஸ்கேன் எந்திரத்தை அவர் வர்ணிப்பது இப்படி: "ஒரு பெரிய உரலைச் சரிச்சு வச்சிருக்கு சாரே. அதுக்க ஓட்டைக்குள்ள நம்மளக் கட்டிலோட கேத்துவினும்." அனில் என்ற டெக்னீஷியன் மலையாளத்தில் மூச்சைப் பிடிக்கச் சொன்னான். லிங்கம் பிடித்தார். விடச் சொன்னான். விட்டார். எழுந்திருக்கச் சொன்னான். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"இவ்வளவுதானா? எல்லாருக்கும் இவ்வளவு நேரந்தானா?"

"மதி சேட்டா, கழிஞ்ஞு." போதும், முடிந்துவிட்டது என்றான்.

"எதுக்கும் ஒருக்காக் கூடி எடுத்துக்கோ பிள்ளே. நான் தூரத்துலேருந்து வாறேன்."

அனில் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டான். லிங்கம் பழவங்காடிக்குத் திரும்பி வந்து, மச்சானுக்கு எதிரே உட்கார்ந்து, தனக்கும் ஒரு டீ சொன்னார். வழியெல்லாம் ஸ்கேனைப் பற்றியே பேசினார். அந்த மாதம் முழுவதும் அவருக்கு நல்ல மாதம். மீன்காரியிடம் விசாரணை இல்லை. சாளையே வாங்கினார்.

ஜூலைக் கடைசியில் முடிவு வந்தது. ஜெஸி வாசலிலேயே பிரித்தாள். வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் பதினோரு மில்லிமீட்டரில் ஒரு புள்ளி. மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். பீடியை உடனே நிறுத்த வேண்டும்.

"அப்பா எப்போ பீடி குடிச்சீங்க?"

தங்கையன் ஆயுளில் பீடி தொட்டதில்லை. "ஒளிச்சுக் குடிச்சேன் மக்களே," என்றார். ஜெஸி அழுதாள். தங்கபாய் அண்ணன் வீட்டுக்கு ஓடி அழுதுவிட்டு, தன் வீட்டுக்கு வந்து கணவனிடம் அழுதாள். "அண்ணனுக்க நெஞ்சுல புள்ளியாம், வலது பக்கம்." முற்றத்தில் ஏணிக்குப் படி கட்டிக்கொண்டிருந்த லிங்கம் கயிற்றை விட்டுவிட்டுத் தன் வலது விலாவில் கையை வைத்தார். தங்கபாய் அதைக் கவனிக்கவில்லை.

பத்து நாள் அவர் வாய் திறக்கவில்லை. தங்கையனும் திறக்கவில்லை. தங்கையன் மனத்தில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. லிங்கத்தின் கணக்கு வேறு. சொல்லாதவரை அந்தப் புள்ளி தங்கையனுடையது. சொன்ன நிமிடத்திலிருந்து அது தன்னுடையது. "சொன்னாத்தானே எனக்கு வரும்? சொல்லாட்டா அங்கேயே கெடக்கட்டும்னு நெனச்சேன்" என்றார் என்னிடம். வேலைக்குப் போகவில்லை. என் வாசலைத் தாண்டி அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே என்னென்ன நடந்தது! நாகர்கோவிலிலிருந்து பெரியப்பா மகன் ஒரு நேந்திரன் வாழைக்குலையோடு வந்தார். பழைய யூனியன் ஆட்கள் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் கொண்டு வந்தார்கள். சாய்வு நாற்காலிக்குப் புதுத் துணி மாட்டினார்கள். தங்கபாய் கோழிக்குழம்பு வைத்து முதல் கிண்ணத்தை அண்ணனுக்கு எடுத்துப் போனாள். கால் துண்டு அதில் போயிற்று. லிங்கத்துக்கு வந்தது கழுத்து. அவர் அந்தக் கழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தங்கபாய் பிற்பாடு சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து உபதேசியார் தங்கையன் வீட்டுக்கு ஜெபிக்க வந்தார். தெருவே கூடியிருந்தது. நானும் வாசற்படியருகே நின்றேன். உபதேசியார் நல்ல குரல்வளம் உள்ளவர். தங்கையனை நடுவில் உட்காரவைத்து, அவருடைய வலது மார்பில் உள்ளங்கையை வைத்து, கண்களை மூடினார். "ஆண்டவரே, உம்முடைய அடியான் தங்கையனுடைய வலது நெஞ்சைத் தொடும். தங்கையனுக்குள்ளிருக்கும் இந்தப் புள்ளியை…"

"உபதேசியாரே, கைய எடும்."

எல்லோரும் கண் திறந்தார்கள். சுவரோரம் நின்ற லிங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அது எனக்க புள்ளியாக்கும். எனக்க நெஞ்சுல உள்ளதாக்கும். தங்கையன், தங்கையன்னு ஜெபிச்சா அது எங்க போய்ச் சேரும்?"

"மாமாவுக்கு என்னாச்சு?" என்று ஜெஸி அவர் கையைப் பிடித்தாள்.

"ஒண்ணும் ஆகேல்ல மக்களே. அண்ணைக்கு எந்திரத்துக்குள்ள போனது நான். உனக்க அப்பா டீக்கடையில இருந்தாரு. எனக்க புள்ளிக்காக்கும் இவரு பத்து நாளாட்டு ஆரஞ்சு திங்குகாரு!"

யாரோ சிரித்துவிட்டார்கள். ஜெஸி சிரிக்கவில்லை. அவள் பார்வை லிங்கத்தின் சட்டைப்பையில் துருத்தியிருந்த பீடிக்கட்டில் போய் நின்றது. பிறகு அப்பாவிடம் திரும்பியது. தங்கையன் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"மாப்பிளே சொல்லுகது நேராக்கும். நான்தான் பேடிச்சுப்போய் அனுப்பினேன். சொல்லணும்னு தினமும் நெனச்சேன், வாயி வரேல்ல." சொல்லிக்கொண்டே லிங்கத்தின் தோளைப் பிடித்துத் தன் நாற்காலியில் உட்காரவைத்தார். உட்கார்ந்த பிறகுதான் லிங்கத்துக்கு அழுகை வந்தது. உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, கையை இந்த நெஞ்சுக்கு மாற்றி, பெயரையும் மாற்றி, முதலிலிருந்து ஜெபித்தார். தங்கபாய் அண்ணன் பக்கத்திலிருந்த ஆரஞ்சுத் தட்டை எடுத்துக் கணவன் மடியில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாள் ஜெஸி இருவரையும் டாக்டர் பத்மஜாவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். டாக்டர் இருவரையும் கடுமையாகத் திட்டினார். ஒருவருடைய புள்ளியை இன்னொருவர் பெயரில் எழுதிவைத்தால் இரண்டு பேரையும் கொன்றதாகும் என்றார். திட்டி முடித்து, லிங்கம் உண்மையில் என்ன வேலை செய்தார் என்று கேட்டார். உலர்ந்த ஷீட்டு, கைவாள், தோர்த்து, துளை அடைத்த தூள் எல்லாவற்றையும் லிங்கம் சொன்னார். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில் புதிய அட்டை ஒன்றை எடுத்து அவர் பெயரை எழுதினார். கம்பெனிப் பதிவேட்டில் இல்லாத ஒருவருக்கு அந்தத் திட்டத்தில் எழுதிய முதல் அட்டை அதுதான் என்று ஜெஸி சொன்னாள்.

அடுத்த ஸ்கேனுக்கான கடிதம் அக்டோபரில் லிங்கத்தின் பெயருக்கே வந்தது. நானே கையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்க மறுத்துவிட்டார். "தங்கையனுக்கு போஸ்ட்மேன்லா வாசல்ல வந்து, பேரு விளிச்சுக் கொடுத்தாரு?" மறுநாள் போஸ்ட்மேன் வேல்சாமி சைக்கிளை நிறுத்தி, மணியடித்து, தெருவுக்கே கேட்கும்படி அவர் பெயரைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகுதான் லிங்கம், பதிவுத் தபாலுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் போல வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார்.

மூன்று மாதத்தில் புள்ளி மூன்று மில்லிமீட்டர் வளர்ந்திருந்தது. ஊசியால் குத்திப் பார்த்தார்கள். புற்றுதான், ஆனால் வேறெங்கும் பரவவில்லை. நவம்பரில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியை அறுத்து எடுத்தார்கள். அதே வாரம், அதுவரை நாளைத் தள்ளிக்கொண்டே வந்த தங்கையன், இம்முறை தானே, அந்த எந்திரத்துக்குள் போனார். ஜெஸி ஒரு கையையும், பயம் மறு கையையும் பிடித்திருந்ததாக அவரே சொன்னார். அவருக்கு நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் சிறிது தடிப்பு மட்டும். வருடா வருடம் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனபோது லிங்கத்தின் விலாவிலிருந்து ஒரு குழாய் இறங்கிக் கட்டிலடியில் பாட்டிலுக்குள் போய்க்கொண்டிருந்தது. பேச வேண்டாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். விரலால் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"மச்சானுக்கு… என்னவாம்?"

"ஒண்ணுமில்லையாம். சவ்வுல கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான்."

கண்களை மூடி, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். கொஞ்சம் கழித்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "அவருக்கு எப்பவும் அப்படித்தான்" என்றார்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. லிங்கம் இருக்கிறார். ஏணியை விற்றுவிட்டார். பீடி இல்லை. மேட்டில் ஏறினால் நின்று நின்றுதான் ஏறுவார். தங்கையன் அவருக்கு முன்னால் ஏறிவிடாமல் கூடவே நிற்பார். ஸ்கேனுக்கு இருவரும் ஒரே நாளில் போகிறார்கள். யாரை முதலில் கூப்பிட்டார்கள் என்பதில் திரும்பி வரும் வழியெல்லாம் தர்க்கம் உண்டு.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், இதையெல்லாம் எழுதிவைக்கலாம் என்று தங்கையன் வீட்டுக்குப் போய், மிக்சிங் பிரிவில் என்ன வேலை, எப்படி வேலை என்று அவரைக் கேட்டுக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அவரும் நிதானமாக, சாக்கு உடைப்பதிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கம் திருப்பினேன். லிங்கம் வாசலில் வந்து நின்றதை இருவருமே பார்க்கவில்லை.

"சாரே என்ன எழுதுகீரு?"

"உங்க மச்சானோட கம்பெனி வேலையைப் பத்தி."

"எல்லாமா?"

"சொல்றதையெல்லாம் எழுதுறேன்."

லிங்கம் எனக்கும் தங்கையனுக்கும் நடுவில் வந்து நின்றார். சட்டைப் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையைத் தோளிலிருந்து இறக்கி, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். தோள்பட்டைக்குக் கீழிருந்து விலாவைச் சுற்றி முன்பக்கம் வரை, தையல் புள்ளிகளோடு, ஒரு முழ நீளத்துக்கு அந்த வடு ஓடியிருந்தது. நான் பேனாவை வைத்துவிட்டுப் பார்க்கும்வரை அவர் அப்படியே நின்றார். நின்ற இடத்தில் வெளிச்சம் போதவில்லை. தங்கையன் எழுந்து, தன் நாற்காலியை ஜன்னலுக்கு முன்னாலிருந்து நகர்த்திப் போட்டார்.